ரயில் இல்லாத நாட்டில் ராக்கப்பன்

ராக்கப்பனைக் குவைத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று துபாய் கராமாவில் எங்கள் ரூம் துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. குவைத் ஒன்றும் மோசமான ஊர் இல்லை. வேலையும் அதே லிஃப்ட் வேலைதான். ஆனால் அந்த நாட்டில் ரயில் கிடையாது. மெட்ரோ கிடையாது, டிராம் கிடையாது, ஒரு சரக்கு வண்டிகூடக் கிடையாது. இந்த மனிதர் அங்கே போய் எப்படி உயிரோடு இருப்பார் என்பதுதான் எங்கள் கவலை. அவரோ கட்டிலில் உட்கார்ந்து, போனில் குவைத் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது ஒரு மூலையில் தண்டவாளம் மாதிரி ஒரு கோடு தெரியாதா என்று.

ராக்கப்பன் மானாமதுரைக்காரர். லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ரயிலும் ஒரு காரணம் என்று அவர் அண்ணன் போனில் சொல்லிப் புலம்புவார். ஒரு லீவில் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண்ணோடு தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினால், இவர் அங்கிருந்து தெரிந்த ரயில் பாதையைப் பார்த்துவிட்டு, இந்த லைன் எப்போது கரண்ட் லைன் ஆனது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கீழே இறங்கி வந்து, மாப்பிள்ளைக்கு நம் வீடு பிடித்திருக்கிறது, என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை என்று சொல்லிவிட்டதாம்.

துபாயில் அவருக்கு லீவு நாள் என்றால் ரயில் நாள். காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்புவார். எங்கும் போக வேண்டிய வேலை இருக்காது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவார், திரும்புவார். போகும்போதே குரலைத் தாழ்த்திப் போனில் பேசிப் பதிவு செய்து, ‘இருப்புப்பாதை நண்பர்கள்’ என்ற எங்கள் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவார். வளைகுடா நாடுகள் முழுக்க அதில் ஆட்கள் இருந்தோம். ரயிலில் அவ்வளவு பிரியம் என்று இல்லை. அவர் பேசுவதைக் கேட்கத்தான் பாதிப் பேர் இருந்தோம்.

ரயில் என்றால் மூன்று லட்சணம் வேண்டும் என்பது அவர் கட்சி: கொஞ்சம் தாமதம், நிறையச் சத்தம், சீட்டுக்காக ஒரு சண்டை. இந்த மூன்றும் இல்லாத வண்டியை அவர் ரயில் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அந்தக் கணக்கில் துபாய் மெட்ரோ அவரை ரொம்பவே சோதித்தது. நேரத்துக்கு வந்தது, சத்தம் போடவில்லை, சண்டையும் இல்லை. போதாததற்கு ஓட்டுநரும் இல்லை.

“டிரைவர் இல்லாத வண்டியில கோவம் வந்தா யாரத் திட்டுறது?” என்று ஒரு பதிவில் நிஜமான வருத்தத்தோடு கேட்டிருந்தார்.

ஆனாலும் அதன் முன்பெட்டி மீது அவருக்கு மோகம் உண்டு. ஓட்டுநர் இல்லாததால் முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளம் ஓடி வருவதைப் பார்க்கலாம். அதற்குக் கோல்டு டிக்கெட் எடுக்க வேண்டும். எப்போதாவது எடுத்துப் போவார். அந்த முன்சீட்டுக்கு அவருக்குப் போட்டி யாரென்றால் சின்னப் பிள்ளைகள். ஒருமுறை ஒரு அம்மா, என் பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் விடுங்களேன் என்று கேட்டிருக்கிறார். நானும் டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கடைசியில் பாதிச் சீட்டு பிள்ளைக்கு, பாதிச் சீட்டு இவருக்கு என்று சமாதானமாகி, இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு போனதாக அவரே பெருமையாகச் சொன்னார்.

கடலுக்குள் கட்டிய ஈச்சமரத் தீவுக்குப் போகும் மோனோரயிலை அவர் மதிக்கவே இல்லை. கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி, போன வேகத்தில் ஒன்றும் நடக்காமல் திரும்பி வருகிறது என்றார். டிராம் மட்டும் அவர் மனதைக் கவர்ந்தது. அதற்கு ஓட்டுநர் உண்டு. “சிக்னல்ல பெரிய பெரிய காரு பூராம் நிக்கிது, நம்ம டிராம் பாட்டுக்குப் போகுது. கோடீஸ்வரன் காருக்குள்ள உக்காந்து நம்மளப் பாக்குறான். இந்த ஒரு சொகத்துக்காகவே ஏறலாம் நண்பர்களே” என்று அவர் அனுப்பிய பதிவைக் கேட்டு, சைட்டில் மூட்டை தூக்கும் எங்கள் ரூம் ஆட்கள் இரண்டு பேர் அந்த வாரமே டிராமில் போய்விட்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கம்பெனி தூக்கிக் குவைத்தில் போட்டது. அங்கே ஃபர்வானியாவில் ரூம். சுற்றிலும் நம் ஊர் ஆட்கள், இட்லி, தோசை, எல்லாம் உண்டு. ரயில் மட்டும் இல்லை.

முதல் வாரம் அவர் பஸ்ஸைப் பற்றி ஒரு பதிவு போட்டார். குழுவில் ரியாத்தில் பத்தா என்ற கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் விஜயபாஸ்கர் என்று ஒருவர் உண்டு. சட்டம் பேசுவதில் ஆள் கெட்டிக்காரர். ரியாத்தில் மெட்ரோ திறந்த நாளிலிருந்து அவருக்குத் தலை கால் புரியவில்லை. ஆறு லைன், ஆறு கலர் என்று தினமும் ஒரு போட்டோ போடுவார். தண்டவாளம் இல்லாத எதையும் இந்தக் குழுவில் போடக் கூடாது என்று அவர் எழுதினார்.

அடுத்த வாரம் லிஃப்ட்டைப் பற்றிப் பேசினார். லிஃப்ட் கூண்டும் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது, அந்தத் தண்டவாளம் நட்டுக்குத்தலாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று வாதாடினார். அது உண்மைதான். விஜயபாஸ்கர் விடவில்லை. தண்டவாளம் இருக்கிறது, சரி, ஜன்னல் எங்கே என்று கேட்டார். அதன் பிறகு மனிதர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நாங்கள் போன் செய்தால், இருக்கேன், சாப்பிட்டேன் என்பதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் நுஃமான் ஒரு தகவல் சொன்னார். நுஃமான் கீழக்கரைக்காரர், அதே கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர், மனைவி, மகளோடு ஃபர்வானியாவிலேயே குடியிருந்தார். நகரத்தில் ஒரு பெரிய மாலில் பிள்ளைகளுக்காக ஒரு ரயில் ஓடுகிறது, எஞ்சின் உண்டு, நாலு பெட்டி உண்டு, கூவவும் செய்யும் என்றார். ராக்கப்பன் அந்த வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டார்.

போய்ப் பார்த்தால், ரயில் இருந்தது. சிவப்பு எஞ்சின், மஞ்சள் பெட்டிகள். தண்டவாளம்தான் இல்லை. டயரில் ஓடியது. பளிங்குத் தரையில், கடைகளுக்கு நடுவே, ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு சுற்றி வந்தது. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் பசித்தவன் பழைய சோற்றைப் பார்த்த மாதிரி டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் பெயர் மேனுஜா. யாழ்ப்பாணப் பக்கம் கொடிகாமத்துக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் துளிச் சிரிப்பு கிடையாது. தமிழர் என்று பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

“அண்ணை, பிள்ளை எங்கை?”

“எந்தப் பிள்ளை?”

“உங்கட பிள்ளை.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.”

“அப்ப ஏறேலாது. பெரியாக்கள் பிள்ளையோட வந்தாத்தான் விடுறது.”

இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டா, இரண்டு டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன், கடைசிப் பெட்டியில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றெல்லாம். சட்டம் நான் போட்டதில்லை என்று அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்த ராக்கப்பன் நுஃமானிடம் மகளைக் கடன் கேட்டார். மகள் ருமைஸாவுக்கு ஆறு வயது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ரயிலில் அவளுக்கு எந்த ஆர்வமும் இல்லை. போகும்போது ஒரு ஐஸ்கிரீம், வரும்போது ஒரு ஐஸ்கிரீம் என்று பேசி முடித்துத்தான் கிளம்பினாள். நுஃமானும் கூடப் போனார். வண்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ருமைஸா சொன்னாள்: “அங்கிள், திஸ் இஸ் நாட் எ ட்ரெயின். இட் ஹாஸ் டயர்ஸ்.”

அவருக்குச் சுருக்கென்றது. விஜயபாஸ்கருக்குப் பயந்து அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்த விஷயத்தை அந்தப் பிள்ளை பளிச்சென்று சொல்லிவிட்டது.

ஆனால் ஏறி உட்கார்ந்ததும் நிலைமை மாறியது. பெட்டி பிள்ளைகளுக்காகச் செய்தது. இவருக்கு முழங்கால் தாடையை இடித்தது. பெட்டிகள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும் என்பதால் ரொம்ப நேரம் கிளம்பவே இல்லை. பாட்டும் ஹாரனும் காதைப் பிளந்தன. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களைப் பெற்ற இரண்டு தகப்பன்மாரும் முறைத்துக்கொண்டார்கள். ராக்கப்பனுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. தாமதம், சத்தம், சண்டை. மூன்று லட்சணமும் பொருந்திய ஒரு வண்டி வளைகுடாவில் இது ஒன்றுதான்.

அன்று வந்த பதிவை நான் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது கேட்டேன். கேட்டு முடிக்கும் வரை மூன்று லிஃப்ட்டை விட்டுவிட்டேன். “வண்டி இப்பொ செருப்புக் கடையைத் தாண்டுது. எடது பக்கம் வாட்ச்சுக் கடை. அங்கிட்டு ஒரு சேட்டு நமக்குக் கை காட்டுறாரு. பயணிகள் பாதிப்பேரு அழுகுறாங்க, மீதிப்பேரு அவுங்களப் பாத்துச் சிரிக்கிறாங்க. நம்ம ஊரு பாசஞ்சரு மாதிரியே இருக்கு நண்பர்களே.” டிக்கெட் கொடுக்கும் அம்மாவைப் பற்றியும் ஒரு வரி போகிற போக்கில் சொல்லியிருந்தார்: சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு டூட்டிக்கு வருகிறவர் என்று.

அந்தப் பதிவு குழுவைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள், வீட்டிலிருந்து எங்கெங்கோ போனது. விஜயபாஸ்கர்கூட, இது தண்டவாளத்தில் ஓடவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன் என்று எழுதிவிட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

ராக்கப்பனுக்கு மறுபடி உயிர் வந்தது. அடுத்த வெள்ளியும் போனார், அதற்கடுத்த வெள்ளியும் போனார். ருமைஸாதான் களைத்துப் போனாள். ஒரு வாரம் ஐபேடைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வெளியே பார்க்க, அவள் படம் பார்த்தாள். அதற்கடுத்த வாரம், இந்த அங்கிளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை இல்லாததால் ராக்கப்பன் ஏற முடியாமல் டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் நின்று வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி நின்ற ஒரு வெள்ளிக்கிழமைதான் மேனுஜா அவரைக் கையால் சைகை காட்டிக் கூப்பிட்டார். போனை மேசையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ராக்கப்பனின் குரல் கேட்டது. செருப்புக் கடை, வாட்ச்சுக் கடை எல்லாம் வந்தது. குவைத்தில் கிளம்பிய பதிவு கராமா போய், சென்னை போய், எப்படியோ கனடாவில் இருக்கும் மேனுஜாவின் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, இது உன்னுடைய மால்தானே என்று கேட்டு அக்கா தங்கைக்கு அனுப்பியிருக்கிறார்.

“இது ஆர்?”

“நாந்தேன்.”

“என்ர சிரிப்பு வீட்டில பூட்டிக் கிடக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? என்ர வீட்டுக்கு வந்தனீங்களோ?”

தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் ராக்கப்பன். மன்னிப்பு எனக்கு வேண்டாம், ஊரெல்லாம் கேட்டதை ஊரெல்லாம் கேட்கிற மாதிரி மாற்றிச் சொல்லுங்கள் என்றார் மேனுஜா. அன்று சாயங்காலமே குழுவில் ‘திருத்தம்’ என்று ஒரு பதிவு வந்தது. மேற்படி அம்மா கடமையில் கண்ணானவர், காலையிலிருந்து பிள்ளைகள் அழுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்காததில் நியாயம் உண்டு, முந்தைய கருத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று கோர்ட்டில் சொல்வது போலச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் மேனுஜா முதல்முறை சிரித்தாராம். அதையும் ராக்கப்பன் அடுத்த வாரம் இன்னொரு திருத்தமாகப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் மேசைப் பக்கம் நிற்பதை யாரும் தடுக்கவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் பேசுவார்கள். உங்கள் ஊரில் என்ன ரயில் என்று ஒருநாள் இவர் கேட்டார். ரயில் விசிறி கேட்கிற முதல் கேள்வி அதுதானே.

அவர் சொன்ன பதிலை ராக்கப்பன் என்னிடம் ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கிறார். மேனுஜா வளர்ந்த காலத்தில் கொடிகாமத்தில் ஸ்டேஷன் இருந்தது, தண்டவாளம் இல்லை. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பெயர்த்துப் பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். “ஆனா ஸ்டேஷனடி எண்டுதான் இடம் சொல்லுவினம். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கைதான் விளையாடுறது. ரெயில் எண்டா எங்களுக்கு வராத ஒண்டு.” அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். பல வருஷம் கழித்துப் பாதையை மறுபடி போட்டு முதல் ரயில் வந்த அன்று ஊரே போய் நின்றதாம். அப்போது அவர் வளர்ந்த பெண். சத்தத்துக்குப் பயந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் ஏறவில்லை. குவைத்துக்கு வர கொழும்புக்கு பஸ்ஸில்தான் போனார்.

ரயில் டிக்கெட் கொடுக்கிற பெண், வாழ்க்கையில் ரயிலே ஏறியதில்லை. ராக்கப்பனுக்கு அன்று பதிவு எதுவும் போட மனம் வரவில்லை. தாமதம் என்று தான் விளையாட்டாகச் சொல்லிவந்த வார்த்தை அவருக்கு நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நாளுக்கு அதை அவர் வாயில் கேட்கவில்லை.

பெருநாள் வந்தது. மாலில் கால் வைக்க இடமில்லை. ரயில் நிறையப் பிள்ளைகள். வாசனைத் திரவியக் கடை முன்னால் போகும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. ஓட்டுகிற நேபாளத்து ஆள் இறங்கி எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். பொறுப்பாளர் நிதின் மூச்சிரைக்க ஓடி வந்து போனில் யாரையோ கூப்பிட்டார். பேட்டரி மாற்ற வேண்டும், அது கீழ்த் தளத்திலிருந்து வர வேண்டும். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து அடுத்தது. பெட்டியிலிருந்து குதிக்கப் பார்த்தன சில. பெற்றவர்கள் வேலியைத் தாண்டிக் கத்தினார்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு மேனுஜாவைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது.

ராக்கப்பன் அங்கேதான் நின்றிருந்தார். மேனுஜா மைக்கை எடுத்து அவர் கையில் திணித்தார். “ராக்கப்பன், ஏதாவது கதையுங்கோ.”

அது வரைக்கும் அண்ணை, அண்ணை என்றுதான் கூப்பிட்டிருந்தார். அந்தக் கலவரத்திலும் ராக்கப்பன் அதைக் கவனித்துவிட்டார் என்பது பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

மைக்கை வாங்கியதும் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷ், சைட்டில் கற்ற ஹிந்தி, நாலு அரபி வார்த்தை எல்லாவற்றையும் சேர்த்து அறிவித்தார். வண்டி ரிப்பேர் இல்லை, சிக்னல் மாஃபி, அதாவது சிக்னல் இல்லை. கிராஸிங்குக்காக நிற்கிறது. எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது. யாரும் கையை வெளியே நீட்ட வேண்டாம்.

பிள்ளைகள் அழுகையை நிறுத்தி எக்ஸ்பிரஸைத் தேடின. நல்ல வேளையாக அந்த நேரத்தில் தரை துடைக்கிற மெஷினில் உட்கார்ந்து ஒரு வங்காளத்து ஆள் அந்தப் பக்கம் வந்தார். தலையில் மஞ்சள் விளக்கு சுழலுகிற மெஷின் அது. எக்ஸ்பிரஸ் வருகிறது என்று ராக்கப்பன் அறிவிக்க, பிள்ளைகள் எல்லாம் கத்திக் கை காட்டின. அந்த ஆள் ஒரு நிமிஷம் திகைத்தார். தன்னைப் பார்த்து இத்தனை பேர் கை காட்டுவது அவருக்குப் புதிது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சலாம் வைத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேட்டரி இன்னும் வரவில்லை. இனி கிளம்பலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. கூட்ஸ் வண்டி ஒன்று பாக்கி இருக்கிறது, கூட்ஸ் போனால்தான் பாசஞ்சருக்கு வழி விடுவார்கள், எல்லா நாட்டிலும் அதுதான் சட்டம் என்றார் ராக்கப்பன். சூப்பர் மார்க்கெட் ஆட்கள் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தடதடவென்று வந்த அந்தச் சத்தம் நிஜ கூட்ஸ் வண்டி தோற்றுப்போகிற சத்தம். பிள்ளைகள் பெட்டி பெட்டியாக எண்ணின. டிக்கெட் காசு கேட்டு நின்ற கூட்டமும் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கியது. பேட்டரி மாற்றி வண்டி கிளம்பியபோது ஒரு பிள்ளை இறங்க மாட்டேன், இன்னொரு கிராஸிங் வேண்டும் என்று அழுதது.

நிதின் நெகிழ்ந்துபோய், உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். பிள்ளை இல்லாமல் ஏற விட்டால் போதும் என்றார் ராக்கப்பன். அந்த உத்தரவு அன்றே பிறப்பிக்கப்பட்டது. இன்றைக்கும் அந்த மாலில் பிள்ளை இல்லாமல் அந்த ரயிலில் ஏறும் உரிமை உள்ள ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

குவைத் வேலை முடிந்தது. கம்பெனி அவரைத் துபாய்க்குத் திரும்பக் கூப்பிட்டது. நாங்கள் அவர் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, மெத்தையை வெயிலில் காயப்போட்டுத் தட்டி வைத்தோம். அவர் வரவில்லை. குவைத்திலேயே இருக்கிறேன் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். குழுவில் பெரிய கொந்தளிப்பு. மெட்ரோவையும் டிராமையும் விட்டுவிட்டு டயர் வண்டிக்காகவா என்று கேட்டார்கள். வளைகுடா நாடுகளை எல்லாம் இணைத்து ஒரு ரயில் வரப்போகிறதாம், குவைத்தில்தான் அது தொடங்குமாம், முதல் வண்டியைப் பார்க்க நம் ஆள் ஒருவர் அங்கே வேண்டாமா என்றார் ராக்கப்பன். அந்த ரயில் நான் இங்கே வந்த நாளிலிருந்து வரப்போகிறது. விஜயபாஸ்கர் பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி கேட்டுவிட்டு, சமீபத்திய பதிவுகளில் வண்டியைவிட டிக்கெட் கொடுக்கும் இடம் அதிகமாக வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ராக்கப்பன் மேனுஜாவிடம் கல்யாண விஷயத்தைப் பேசிய விதத்தை நுஃமான்தான் எங்களுக்குச் சொன்னார். மேசைப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, உங்கள் ஊர் ஸ்டேஷனை ஒரு தடவை பார்க்கணும் என்றிருக்கிறார்.

“ஸ்டேஷனைப் பாக்கவோ, என்ர அம்மாவைப் பாக்கவோ?” என்று கேட்டிருக்கிறார் மேனுஜா.

நம் ஆள் யோசித்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு மனிதர் யோசிப்பாரா என்று எங்கள் ரூமில் இன்னும் பேசிக்கொள்கிறோம். கடைசியில், “ரெண்டையும்” என்றாராம். மேனுஜா தலையில் அடித்துக்கொண்டாலும் சரி என்றுவிட்டார்.

அம்மாவிடம் வீடியோ போனில் பேசியபோது, பெடியன் எப்படி என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். ரெயில் விசர், அதாவது ரயில் பைத்தியம் என்று மகள் சொல்லியிருக்கிறார். குடி, கிடி உண்டோ என்று கேட்க, இல்லை, ரெயில் மட்டும்தான் என்றாராம். அப்படியென்றால் பரவாயில்லை என்று அம்மா சம்மதித்துவிட்டார். மானாமதுரையில் அண்ணன், பெண் எந்த நாடாக இருந்தாலும் சரி, பெண் என்று ஒன்று இருந்தால் சரி என்று ஏற்கெனவே மனம் பழுத்திருந்தார்.

கல்யாணம் கொடிகாமத்தில் நடந்தது. முடிந்து கொழும்புக்குத் திரும்பும்போது ரயிலில்தான் போக வேண்டும் என்று ராக்கப்பன் ஒற்றைக் காலில் நின்றார். மேனுஜாவின் முதல் ரயில் பயணம், அவர் ஊர் ஸ்டேஷனிலிருந்தே. குழு முழுக்கக் காத்திருந்தது. இதுவரை போட்ட எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு பதிவு வரப்போகிறது என்று விஜயபாஸ்கர் கடையில் வேலையைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ராக்கப்பன் ஜன்னல் சீட்டை மனைவிக்குக் கொடுத்தார். கல்யாண அலைச்சலில் நாலைந்து நாளாகச் சரியாகத் தூங்காத மேனுஜா, ஆனையிறவுக் கடலேரி வருவதற்கு முன்னாலேயே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். போன் அந்தப் பக்கச் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தால் விழித்துவிடுவார். எழுந்து வாசலுக்குப் போய் நிற்கவும் முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பினால் தலை சரிந்துவிடும். எதிர் சீட்டுக்காரரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கொழும்பு வரைக்கும் மரம் மாதிரி உட்கார்ந்து வந்தார்.

இறங்கியதும் விஜயபாஸ்கர் கேள்விகளை அடுக்கினார். என்ன எஞ்சின், எத்தனை பெட்டி, நேரத்துக்கு வந்ததா, ஆனையிறவுப் பக்கம் வேகம் எப்படி.

“தெரியலைங்க. நான் பாக்கல” என்று ராக்கப்பன் ஒரே வரியில் எழுதினார்.

குழுவுக்கு நம்ப முடியவில்லை. பிறகு அவர் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்து கேட்டால் பெண் குரல். கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசியது.

“வணக்கம். ரெயில் நல்லம். நல்ல நித்திரை வருது. மற்றதெல்லாம் இவரைக் கேளுங்கோ.”